மனநலச் சமூகப்பணி ஆய்வியல் நிறைஞர் படிப்பின் நிறுத்தமும் மனநலப் பராமரிப்புச் சட்டமும்

முன்னுரை

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் 7 அன்று அரசிதழில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள், உயர்கல்வி நிறுவனங்கள் இனி ஆய்வியல் நிறைஞர் பட்டப் படிப்பை நடத்தலாகாது என விதித்தன. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒரு வரியில் சொல்லிச் சென்ற முடிவின் செயலாக்கம் அது. தமிழ், வரலாறு, பொருளியல் முதலான துறைகளில் இதுபற்றி எழுந்த விவாதம், முனைவர் பட்ட ஆய்வுக்கு முன் ஒரு பயிற்சிப்படி தேவையா என்னும் வினாவைச் சுற்றியே பெரிதும் அமைந்தது. முதுகலை முடித்தோர் நேரடியாக முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்துகொள்ள வழி இருப்பதால், அத்துறைகளில் இழப்பு எத்தகையது என்பதில் இருவேறு கருத்துகள் இருக்க இடமுண்டு.

மனநலச் சமூகப்பணியின் நிலை வேறு. அங்கு ஆய்வியல் நிறைஞர் என்பது ஆய்வுக்கான முன்படி அன்று. நோயாளியோடும் அவர்தம் குடும்பத்தோடும் தொழில்முறையில் பணியாற்றுவதற்கான தகுதி. அத்தகுதி நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்றில் பெயர் சுட்டி எழுதப்பட்டுள்ளது. ஆய்வுப் பட்டங்களைச் சீரமைக்க எழுந்த ஒரு விதி, மருத்துவமனைப் பயிற்சி ஒன்றை மூடும் விதியாக மாறியது எவ்வாறு என்பதையும், அம்மூடலை ஏன் ஏற்க இயலாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

பட்டத்தின் பெயரும் பயிற்சியின் இயல்பும்

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936 இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற சர் தோராப்ஜி டாடா சமூகப்பணிப் பள்ளியில் தோன்றியது. அதுவே பின்னர் டாடா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. மறு ஆண்டே அப்பள்ளியின் சார்பில் குழந்தை வழிகாட்டு மையம் ஒன்று திறக்கப்பட்டது. 1946 இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவச் சமூகப்பணியாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். 1948 இல் மருத்துவ, மனநலச் சமூகப்பணி என்னும் சிறப்புப் பிரிவு டாடா நிறுவனத்தில் உருவாயிற்று. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952 இல் சென்னைச் சமூகப்பணிப் பள்ளி தோன்றியது.

முதுகலைச் சமூகப்பணிக் கல்வி பொதுத்தன்மை உடையது. அதில் தேறிய ஒருவர் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவிலும் பணியாற்றலாம், சிற்றூர் மேம்பாட்டிலும் பணியாற்றலாம். உளநோய் மருத்துவமனையின் நோயாளர் பகுதியில் நிற்பதற்கு அக்கல்வி மட்டும் போதாது என்பதை உணர்ந்தே பெங்களூருவில் 1968 இல் ஈராண்டுப் பட்டயப் பயிற்சி தொடங்கப்பட்டது. அப்போது அங்கிருந்த அனைத்திந்திய மனநல நிறுவனம் 1974 இல் மாநில மனநோய் மருத்துவமனையோடு இணைந்து தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனமாக, அதாவது நிம்ஹான்ஸாக, உருப்பெற்றது. 1978 இல் அப்பட்டயம் ஆய்வியல் நிறைஞர் பட்டமாகப் பெயர் மாற்றம் பெற்றது. இப்பெயர் மாற்றமே இன்றைய சிக்கலின் வேர். பாடத்திட்டத்தின் மையம் மருத்துவப் பயிற்சியாகவே தொடர்ந்தது. பல்கலைக்கழகப் பட்டவரிசையில் அதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் நடுவே அப்போது கிடைத்த இடம் ஆய்வியல் நிறைஞர் என்பதே.

பயிற்சியின் உள்ளடக்கத்தை நோக்கினால் வேறுபாடு தெளிவாகும். மாணவர் இரண்டு ஆண்டுகள் முழுநேரமாக மருத்துவமனையில் இருப்பர். வயது வந்தோர் உளமருத்துவம், குழந்தை மற்றும் வளரிளம் பருவத்தினர் பிரிவு, குடிநோய் மற்றும் போதை மீட்புப் பிரிவு, நரம்பியல், குடும்ப உளமருத்துவம், மறுவாழ்வு, சமுதாய மனநலம் எனச் சுழற்சி முறையில் பணியிடம் மாறும். நோயாளியின் சமூக வரலாற்றைத் தொகுத்தல், வீட்டிற்குச் சென்று பார்த்தல், குடும்பத்தாருடன் தொடர் அமர்வுகள் நடத்துதல், ஊனச் சான்று பெற உதவுதல், வேலைக்கோ வீட்டுக்கோ திரும்பும் வழியை வகுத்தல் ஆகிய அனைத்தும் ஆசிரியரின் நேர்மேற்பார்வையில் நிகழும். ஆய்வேடும் உண்டு, ஆனால் அது பயிற்சியின் ஒரு கூறே. பழந்தமிழ் இலக்கியத்தில் ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெறுபவரின் ஓராண்டுக் கல்விக்கும் இதற்கும் பெயரைத் தவிரப் பொதுவானது மிகச் சிறிது.

இப்பயிற்சியை நெடுங்காலமாக நடத்திவரும் நிறுவனங்களாக நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய உளமருத்துவ நிறுவனம், அதே நகரின் ரின்பாஸ், தேஜ்பூரின் லோகப்பிரிய கோபிநாத் பர்தலை மண்டல மனநல நிறுவனம், தில்லியின் இபாஸ் ஆகியவற்றைக் குறிப்பிடலாம். இவை யாவும் மருத்துவமனையோடு ஒட்டிய நிறுவனங்கள் என்பது தற்செயலன்று. இவ்வைந்தில் ஒன்றும் தமிழ்நாட்டில் இல்லை என்பதும் தனியே எண்ணத்தக்கது.

சட்டம் சொல்வது

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இல் இயற்றப்பட்டு 2018 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் பிரிவு மனநலச் சமூகப்பணியாளர் யார் என வரையறுக்கின்றது: சமூகப்பணியில் முதுகலைப் பட்டமும், மேற்பார்வையிடப்பட்ட மருத்துவப் பயிற்சியை உள்ளடக்கிய ஈராண்டு முழுநேரக் கல்வியின் வழியாகப் பெற்ற மனநலச் சமூகப்பணி ஆய்வியல் நிறைஞர் பட்டமும் உடையவர். 55 ஆம் பிரிவின்படி மாநில மனநல ஆணையம் மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப்பணியாளர் ஆகியோரைப் பதிவு செய்து பட்டியலை வெளியிட வேண்டும். அப்பதிவு இருந்தாலே ஒருவர் சட்டத்தின் பார்வையில் மனநலத் தொழில்வல்லுநர் ஆவார்.

ஆகவே, பட்டத்தை நிறுத்துவதன் விளைவு ஒரு துறையில் சில மாணவர் இடங்கள் குறைவதோடு முடிவதில்லை. பதிவேட்டிற்குள் புதியவர் நுழையும் வாயில் அடைபடுகின்றது. பழையவர் ஓய்வு பெறுவர். அவ்விடத்திற்கு உரிய தகுதியுடன் எவரும் வாரார். அறிவிக்கை செய்து விண்ணப்பம் கோரினாலும் தகுதியானவர் இல்லை என்ற காரணத்தால் பணியிடங்கள் காலியாகவே கிடக்கும், அல்லது தகுதியைத் தளர்த்தி நிரப்பப்படும்.

இவ்விளைவை மானியக் குழுவும் உணராமல் இல்லை. 2023 டிசம்பரில் ஆய்வியல் நிறைஞர் பட்டம் ஏற்புடையதன்று என மீண்டும் அறிவித்த குழு, 2024 தொடக்கத்தில் மருத்துவ உளவியல், மனநலச் சமூகப்பணி ஆகிய இரண்டிற்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை மாணவரைச் சேர்க்கலாம் எனக் காலநீட்டிப்பு அளித்தது. மனநலப் பணியில் இவ்விரு பிரிவினரின் பங்கைக் காரணமாகவும் காட்டியது. தேவை உண்டு என ஒப்புக்கொண்டு, அத்தேவைக்கு நாள் குறித்த கடிதம் அது.

இரு துறைகளும் ஒரே கடிதத்தில் இடம்பெற்றாலும் அவற்றின் நிலை ஒன்றன்று. மருத்துவ உளவியலுக்கு 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமம் உண்டு. பழைய பட்டம் போனால் புதிய பட்டத்தை வகுக்கவும், பாடத்திட்டம் எழுதவும், நிறுவனங்களை ஏற்கவும் அக்குழுமத்திற்கு அதிகாரம் உள்ளது. மனநலச் சமூகப்பணி அக்குழுமத்தின் வரம்பில் இல்லை. மருத்துவத்திற்கும் சட்டத்திற்கும் உள்ளது போன்ற சட்டமுறைக் குழுமம் இந்தியச் சமூகப்பணிக்கு அமையாததன் விலை இத்தகைய வேளைகளில்தான் தெரிகின்றது. 2021 இல் இயற்றப்பட்ட துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் தன் அட்டவணையில் மருத்துவச் சமூகப்பணியாளரையும் மனநலச் சமூகப்பணியாளரையும் சேர்த்துள்ளது. இது நம்பிக்கை தரும் வழி. எனினும் ஒரு சட்டத்தின் அட்டவணையில் பெயர் இருப்பதாலேயே மற்றொரு சட்டத்தின் வரையறை மாறிவிடாது.

ஏர்வாடியும் பிரிவு 19 உம்

இத்தொழிலரின் தேவையை உணர்த்தத் தமிழ்நாட்டிற்கு வெளியே செல்ல வேண்டியதில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017 ஆம் ஆண்டுச் சட்டம் 95 ஆம் பிரிவில் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்தது.

சங்கிலியை அறுப்பது ஆணையால் இயலும். அறுத்தபின் அம்மனிதர் எங்குச் செல்வார் என்பதற்கு ஆணையில் விடை இல்லை. ஏர்வாடிக்கு அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் குடும்பத்தினரே. ஊரில் சிகிச்சை கிட்டாமையும், வறுமையும், பழிச்சொல்லுக்கு அஞ்சியதும், தர்காவின்மேல் கொண்ட நம்பிக்கையும் அதற்குக் காரணங்கள். அக்குடும்பத்தைக் கண்டறிந்து, மருந்தைப் பற்றியும் நோயின் போக்கைப் பற்றியும் விளக்கி, அவர்தம் அச்சத்தையும் களைப்பையும் கேட்டு, மீண்டும் சேர்த்துக்கொள்ள வைப்பதும், அதன்பின் விட்டுவிடாமல் தொடர்வதும் மனநலச் சமூகப்பணியாளரின் பணி. மருத்துவர் சில நிமிடங்களில் மருந்தை எழுதித் தர முடியும். இப்பணி மாதக்கணக்கில் நீளும்.

சட்டத்தின் 19 ஆம் பிரிவு, குடும்பம் இல்லை அல்லது ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கலாகாது என்கின்றது. 98 ஆம் பிரிவு வீடு திரும்புவதற்கான திட்டமிடலைக் கட்டாயமாக்குகின்றது. இவ்வுரிமைகளை நடைமுறையாக்கும் பயிற்சி பெற்றவர் இன்றி இவை தாளில் நிற்கும். தெருவில் திரியும் மனநோயுற்ற பெண்களுக்காக 1993 இல் சென்னையில் தோன்றிய பான்யன் அமைப்பின் நிறுவுநர் இருவருள் ஒருவர் சமூகப்பணி பயின்றவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

1996 இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்திற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. உளமருத்துவர், உளவியலாளர், செவிலியர் ஆகியோருடன் மனநலச் சமூகப்பணியாளரும் அத்திட்டக் குழுவின் உறுப்பினர். தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதையும், கோளாறின் வகைக்கேற்பச் சிகிச்சை கிட்டாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதையும் காட்டியது. இவ்விடைவெளி உள்ள நாட்டில், ஏற்கெனவே மிகச் சிலரையே உருவாக்கும் பயிற்சியைச் சுருக்குவதற்குக் கல்விசார்ந்த நியாயம் எதுவும் முன்வைக்கப்படவில்லை.

எதிர்வாதங்கள்

முனைவர் பட்டம் இதற்கு ஈடாகும் என்பது ஒரு வாதம். முனைவர் பட்டம் ஒரு சிக்கலைப் பற்றிய ஆய்வு. ஒருவர் நோயாளியையே சந்திக்காமலும் அதைப் பெற முடியும். இவ்வாதம் விரிவான மறுப்புக்கு உரியதன்று.

மற்றொரு வாதம் வலிமையுடையது. முதுகலைக்குப் பின் மேலும் இரண்டு ஆண்டுகள் என்பது நீண்ட காலம்; எளிய குடும்பத்து மாணவர் பலரால் அதற்குக் காத்திருக்க இயலாது; இடங்களோ குறைவு; எனவே இப்பட்டமே ஆள் பற்றாக்குறைக்கு ஒரு காரணம் என்பது அது. இதில் உண்மை உண்டு. இங்கிலாந்தில் 1983 ஆம் ஆண்டு மனநலச் சட்டம் ஏற்புபெற்ற சமூகப்பணியாளர் என்னும் பொறுப்பை உருவாக்கியது. சமூகப்பணியாளராகத் தகுதி பெற்றோர் கூடுதல் பயிற்சி முடித்தபின் உள்ளாட்சி அமைப்பு அவர்களுக்கு ஏற்பு அளித்தது. 2007 ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பொறுப்பைச் செவிலியர் முதலிய பிறருக்கும் திறந்துவிட்டது. அங்குத் தொழிலுரிமை ஏற்பைச் சார்ந்தது, ஒரு பட்டத்தின் பெயரைச் சார்ந்ததன்று. இந்தியாவும் அவ்வாறு பிரித்து அமைத்திருந்தால் ஆய்வியல் நிறைஞர் என்னும் சொல் மறைந்தபோது எதுவும் குலைந்திராது. ஆனால் இவ்வாதம் பயிற்சியை வேறு வடிவில் அமைக்கக் கோருகின்றதே அன்றி, மாற்று அமையுமுன் இருப்பதை மூடுவதற்குச் சான்றாகாது.

மாற்றுத் தகுதி, சட்டத்தின்கீழ் மைய அரசு வகுக்கும் விதிகளின் வழியாகவோ சட்டத் திருத்தத்தின் வழியாகவோ வரவேண்டும். மானியக் குழுவின் கடிதத்தால் வராது. பட்டத்தின் பெயர் எதுவாயினும், முதுகலைச் சமூகப்பணிக்குப் பின் மேற்பார்வையுடன் கூடிய முழுநேர மருத்துவப் பயிற்சி என்னும் கூறு அதில் குறையாதிருத்தல் வேண்டும். ஓராண்டுப் பட்டயமாகவோ இணையவழிச் சான்றிதழாகவோ அதைச் சுருக்குவது மூடலின் மற்றொரு வடிவமே. காலநீட்டிப்பின்படி 2025-26 இல் சேரும் மாணவர் 2027 இல் பயிற்சியை முடிப்பர். அவர்களுக்கு அடுத்து வருவோர் எப்பட்டத்தின் பெயரால் பதிவேட்டில் இடம்பெறுவர் என்பதை, அதற்கு முன்னரே, நலவாழ்வு அமைச்சகமும் மானியக் குழுவும் 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆணையமும் கூடி எழுத்தில் அறிவித்தாக வேண்டும்.