சிவில், சுற்றுச்சூழல் பொறியியலில் முனைவர் பட்டம்: என்ன தேவை?

தெலுக் பங்லிமா காராங் பக்கம் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் பிளாஸ்டிக் எரியும் வாடை உங்களுக்குப் புதிதல்ல. 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும், கோல லங்காட் மாவட்டத்தில் உரிமம் இல்லாத ஆலைகள் பெருகின. ‘இதுக்கு ஒரு தீர்வு இல்லையா?’ என்று நீங்கள் கேட்டிருந்தால், ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கான விதை உங்களிடம் இருக்கிறது.

யார் விண்ணப்பிக்கலாம்?

தொடர்புடைய துறையில் முதுகலைப் பட்டம் இருப்பதுதான் வழக்கமான வழி. இளங்கலையில் 3.67 அல்லது அதற்கு மேல் சிஜிபிஏ எடுத்தவர்களும் நேரடியாக முயலலாம். ஆனால், பல்கலைக்கழகம் அவர்களைக் கடுமையாக மதிப்பிட்ட பிறகே இடம் தரும். முதுகலை ஆய்வில் சேர்ந்து, நன்றாகச் செய்து, முனைவர் பட்டத்துக்கு மாறிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு.

மார்க் மட்டும் போதுமா?

போதாது. ஆய்வுக் கேள்வியும் மேற்பார்வையாளரும் வேண்டும். ‘லங்காட் ஆற்றைச் சுத்தமாக்குவேன்’ என்பது ஆசை. ‘பிளாஸ்டிக் ஆலைக் கழிவுநீரில் உள்ள நுண்துகள்களை எந்த வடிகட்டி எவ்வளவு பிடிக்கும்?’ என்பது அளந்து பார்க்கக்கூடிய கேள்வி. மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கியில் உள்ள யூகேஎம், செர்டாங்கில் உள்ள யூபிஎம் ஆகியவற்றில் பேராசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, உங்கள் கேள்விக்கு நெருக்கமானவருக்கு எழுதுங்கள்.

சேர்ந்த பிறகு?

பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணும் படிப்பு இல்லை இது. ஆய்வு முறைகள் பற்றிய வகுப்பு இருக்கும். பிறகு உங்கள் ஆய்வுத் திட்டத்தை ஒரு குழுவின் முன் விளக்க வேண்டும். ஆய்வுக்கூடத்திலும் களத்திலும் தரவு சேகரிக்க வேண்டும். பல இடங்களில் ஆய்விதழ்க் கட்டுரையும் கேட்பார்கள். கடைசியில் ஆய்வேடு, அதன்பின் ‘வைவா’ எனும் வாய்மொழித் தேர்வு. முழுநேரமாகப் படித்தாலும் 3 ஆண்டுகளாவது ஒதுக்குங்கள். பலருக்கு அதைவிட அதிகமாகும்.

‘டாக்டர்’ ஆனால் ‘இர்.’ கிடைக்குமா?

கிடைக்காது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ‘இர்.’ என்பது மலேசியப் பொறியாளர் வாரியத்தில் நிபுணத்துவப் பொறியாளராகப் பதிவு பெற்றவருக்கு உரியது. அதற்கு அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம், குறைந்தது 3 ஆண்டு வேலை அனுபவம், நிபுணத்துவ மதிப்பீடு ஆகியவை தேவை. கட்டட வரைபடத்தில் கையெழுத்திடுவதுதான் உங்கள் கனவு என்றால், முதலில் வேலைக்குப் போவதே நல்லது. ஆய்வு, விரிவுரையாளர் பணி என்றால் முனைவர் பட்டம் அவசியம்.

பணத்துக்கு என்ன வழி?

மேற்பார்வையாளரிடம் ஆய்வு மானியம் இருந்தால், ஆய்வு உதவியாளராக மாத உதவித்தொகை கிடைக்கலாம். அரசாங்க உபகாரச் சம்பளங்களையும் கவனியுங்கள். எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். பாதியில் பணம் நின்றால் ஆய்வும் நின்றுபோகும்.