முதலில் வாசிப்பது மனிதரல்ல



1990ஆம் ஆண்டு திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கை நோக்கியே, பிழைப்புக்காக இந்நகருக்கு வந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் படிக்கின்றனர். ஆனால் பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பப்படும் பயோடேட்டாவைப் பெரும்பாலும் முதலில் வாசிப்பது கணினி மென்பொருளே.

அது எழுத்துக்களைப் பிரித்தெடுத்து, வேலை அறிவிப்பிலுள்ள சொற்களோடு ஒப்பிடுகிறது. அழகுக்காக இடும் கட்டங்களும், இரட்டைப் பத்திகளும், படங்களும் அதனைக் குழப்பக்கூடும். ஆகவே ‘எஜுகேஷன்’, ‘ஸ்கில்ஸ்’ என்னும் வழக்கமான தலைப்புகளின்கீழ் ஒரே பத்தியாக எழுதுங்கள். அறிவிப்பு ‘ஜாவா’ என்று கேட்டு, நீங்கள் அதனைக் கற்றிருந்தால், அச்சொல்லையே எழுதுங்கள். ‘கணினி அறிவு உண்டு’ என்பது போதாது. புராஜெக்டில் உங்கள் பங்கு இன்னதென்று ஒரு வரியில் கூறுங்கள்.

மென்பொருளும் தவறும். அமேசான் 2014 முதல் உருவாக்கிய ஒரு தேர்வுக் கருவி, பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டதாகவும், பின்னர் கைவிடப்பட்டதாகவும் 2018இல் செய்தி வெளியானது. ஆகவே பெற்றோரே, ஒரு நிராகரிப்பைப் பிள்ளையின் தகுதிக்கான தீர்ப்பாகக் கொள்ளாதிருங்கள்.

மாணவரே, கல்லாததைக் கற்றதாக எழுதாதீர். இயந்திரத்தைக் கடந்தபின், நேர்முகத் தேர்வில் மனிதர் கேட்கும் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லவேண்டும்.