மின்னதிர்ச்சித் துப்பாக்கியும் நம் மொழியும்

2016 செப்டம்பர் 12 அன்று, காவிரிப் பூசலின்போது, நம் பெங்களூரு ஹெக்கனஹள்ளியில் காவல்துறையினர் சுட்டதில் ஒருவர் மாண்டார். தோட்டாவுக்கு மாற்றாக மின்னதிர்ச்சித் துப்பாக்கி போதாதோ என்று கேட்போர் உளர். அது கூட்டத்திற்கு ஒவ்வாது, ஒருவரையே அடக்கும். இரு முட்கள் உடலில் தைக்க, ஏறத்தாழ ஐந்து வினாடி தசைகள் இறுகி அவர் வீழ்வார். தோட்டாவினும் தீங்கு குறைவே. எனினும் தலை அடிபடலாம், இதயத்துடிப்பும் தடுமாறலாம்.

கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் 2007 அக்டோபர் 14 அன்று, ஆங்கிலம் அறியாத போலந்து நாட்டவர் ராபர்ட் ஜெகான்ஸ்கி ஐந்து முறை மின்னதிர்ச்சிக்கு ஆளாகி மாண்டார். அச்செயல் தகாததென விசாரணை ஆணையம் 2010இல் உரைத்தது.

பிழைக்க வந்த நமக்கு இது பாடமன்றோ? கருவி எதுவாயினும் அது கடைசி வழியாகட்டும். முதலில் கேட்போர் மொழியில் எச்சரிக்கை ஒலிக்கட்டும் என வேண்டுகிறோம்.