"தூக்கு ஆருக்குங்க?"

காரமடை ரங்கநாதர் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பேக்கரி. "தூக்குத் தண்டனை வேணுமுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டோம். டீயை ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் நிமிராமலே திருப்பிக் கேட்டார்: "ஆருக்குங்க?"

கொங்கு மண்டலத்தின் பதில் முழுக்க அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது.

1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நால்வரைக் கோவைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். சட்டத்துக்கு அவர்கள் கொலையாளிகள், தொழிலாளிகளுக்குத் தியாகிகள். இன்றும் அந்தத் தேதியில் அவர்கள் சமாதிக்கு மாலை போகிறது. 2000-ல் தருமபுரியில் பஸ்ஸோடு எரிக்கப்பட்ட மூன்று மாணவிகளும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். அந்த வழக்கின் தூக்கு 2016-ல் ஆயுளாகக் குறைந்தபோது, "தூக்குல போட்டிருக்கோணும்" என்று குமுறியதும் இதே கோவைதான்.

2011-ல் ராஜீவ் கொலை வழக்கின் மூவர் தூக்கை எதிர்த்து மறியலில் உட்கார்ந்த நண்பர் ஒருவர், 2017-ல் உடுமலை ஆணவக்கொலையில் ஆறு பேருக்குத் தூக்கு என்றதும் வாயைத் திறக்கவில்லை. "மனசு கொஞ்சம் ஆறுச்சுங்க. பொய் சொல்ல மாட்டேன்" என்கிறார். 2020-ல் உயர்நீதிமன்றம் அதே வழக்கில் ஒருவரை விடுவித்து, மற்ற ஐவருக்கு ஆயுளாக்கியது. ஒரே சம்பவம், ஒரு நீதிமன்றப் படியில் தூக்குக்கு உரிய 'அரிதினும் அரிது', அடுத்த படியில் அப்படி இல்லை.

காரமடையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மேட்டுப்பாளையம். அங்கே 2019 ஜூனில், பட்டியலினப் பெண்ணைக் காதலித்த தம்பியையும் அந்தப் பெண்ணையும் அண்ணனே வெட்டிக் கொன்றான். 2025 ஜனவரி 29 அன்று கோவை சிறப்பு நீதிமன்றம் அவனுக்குத் தூக்கு விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட மூவர் விடுதலை. அத்தோடு 'நியாயம் கிடைச்சிருச்சு' என்று ஊர் எழுந்து போய்விட்டது.

நம் கவலை அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் கடைசியாகக் கயிறு இறங்கியது 1995-ல், சேலம் சிறையில். அதன் பிறகு விதித்த தூக்கு எதுவும் நிறைவேறவில்லை. ஆனால் ஊருக்குத் தீர்ப்புச் செய்தியே போதும். 'செத்தாலும் பரவால்ல, கீழ இறங்கக் கூடாது' என்று திண்ணையிலும் பந்தியிலும் சொல்லிச் சொல்லி அரிவாளுக்குச் சாணை பிடித்தவர்கள் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் வருவதில்லை. கயிறு ஒரு கழுத்துக்கு. மிச்சப் பேருக்கு அது கை கழுவத் தண்ணீர்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் வயிற்றெரிச்சலுக்கு என்ன பதில் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

பேக்கரிப் பெரியவர் கடைசியில் முடிவாகச் சொன்னார்: "சாதிக்காக வெட்டுறவனைத் தொங்கவிடோணுமுங்க. அப்பத்தான் புத்தி வரும்." டீக்குக் காசும் அவரே கொடுத்தார். கிளம்பும்போது தோளில் கை வைத்து வாஞ்சையாகக் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊருங்க?"

ஊரைச் சொன்னோம்.

"அந்த ஊர்ல எந்த வீதியிங்க?"