கடையை மட்டும் எண்ணினால் தெரு தெரியாது

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் புடவைக் கடை, நகைக்கடை, தோசைக் கடை என்று நம்மவர் நடமாட்டம் அதிகம். அவற்றுக்கு நடுவே பந்தயக் கடைகளும் வரிசையாக முளைத்தன. 2013-இல் இப்பகுதியை நிர்வகிக்கும் நியூஹாம் நகராட்சி புதிய பந்தயக் கடை ஒன்றுக்கு உரிமம் தர மறுத்தது. வழக்கு நீதிமன்றம் போனது, நகராட்சி தோற்றது.

பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. இத்தெருவுக்கு இன்னொரு கடை தேவையா என்று கேட்க அதில் இடமில்லை. ஒரு கடைக்கு நான்கு சூதாட்ட இயந்திரம் என்ற வரம்புகூட எதிர்மாறாகவே முடிந்தது. ஐந்தாவது இயந்திரம் வேண்டுமா? பக்கத்திலேயே இன்னொரு கடையைத் திற! அந்த இயந்திரங்களில் அப்போது ஓர் ஆட்டத்துக்கு 100 பவுண்டு வரை கட்டலாம், 20 விநாடிக்கு ஓர் ஆட்டம். ஒரே நிமிடத்தில் 300 பவுண்டு கரையக்கூடிய நிலை இருந்தது.

சட்டம் காணாததை வரைபடம் காட்டுகிறது. முதலில் ஆய்வாளர்கள் பந்தயக் கடைகளைப் புள்ளிகளாகக் குறிக்கிறார்கள். சுமார் 1,500 பேர் வாழும் சிறு பகுதிகளுக்கான வறுமைக் குறியீட்டை அதன்மேல் பொருத்துகிறார்கள். பிறகு வேலைவாய்ப்பு அலுவலகம், உணவு வங்கி, வீடற்றோர் விடுதி, போதை மீட்பு மையம் ஆகியவற்றைச் சுற்றி, ஐந்து நிமிட நடைதூரத்துக்கு, அதாவது சுமார் 400 மீட்டருக்கு வட்டம் போடலாம். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடமே ஆபத்து கூடும் இடம். ஆய்வாளர் ஹெதர் வார்டிலும் குழுவினரும் வெஸ்ட்மின்ஸ்டர், மான்செஸ்டர் பகுதிகளுக்கு 2016-இல் இத்தகைய வரைபடங்களைத் தந்தார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வின்படி, சூதாட்டக் கூடங்களில் 21 சதவீதம் மிக ஏழ்மையான பத்தில் ஒரு பங்குப் பகுதிகளில் இருந்தன. மிக வசதியான பத்தில் ஒரு பங்கில் 2 சதவீதமே.

ஆனால் ஏழைப் பகுதியில் வாழ்பவரெல்லாம் சூதாடிகள் அல்லர். வாடகை குறைந்த, ஆள் நடமாட்டம் மிகுந்த தெருவை எல்லா வியாபாரிகளும்தான் தேடுவார்கள். அதனால் மற்ற கடைகளின் பரவலோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் நடக்கும் சூதாட்டமோ இந்தப் படத்தில் விழுவதே இல்லை.

இயந்திரத்தில் கட்டும் தொகையின் உச்சவரம்பு 2019 ஏப்ரல் 1 முதல் 2 பவுண்டாகக் குறைந்தது, பெரிய நிம்மதி. கடைகள் குவிவதன் மொத்த விளைவை உள்ளாட்சிகள் கணக்கில் கொள்ள வழிசெய்ய வேண்டும் என்றது அரசின் 2023 வெள்ளை அறிக்கை. அதுதான் நியாயம். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வீடு திரும்புபவர் கடப்பது ஒரு கதவை அல்ல, தெரு முழுவதையும். உரிமம் தருபவரும் அந்தத் தெரு முழுவதையும் பார்த்துத்தான் கையெழுத்திட வேண்டும்.