எல்லாம் ஒண்ணுதான் சார்!

கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண ரிச்சி ஸ்ட்ரீட் போனவன், பிராஸஸரை மூன்று நாள் யோசித்து வாங்கினேன். மதர்போர்டை மூன்றே நிமிஷத்தில். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார் கடைக்காரர். இரண்டாயிரம் ரூபாய் மிச்சம்! பி.காம். படித்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

எட்டாவது மாதம், மார்ச் கடைசி வாரம், நாலு பேர் கணக்கு பாதியில் இருக்க, மெஷின் அணைந்தது. ஹார்டு டிஸ்க் பிழைத்தது. என் மானம் பிழைக்கவில்லை.

சர்வீஸ் பையன், பிராஸஸர் பக்கத்தில் கருகியிருந்த இடத்தைக் காட்டினான். வி.ஆர்.எம். என்று பெயராம். பவர் சப்ளை தருவது 12 வோல்ட்; பிராஸஸருக்கு வேண்டியது ஒரு வோல்ட்டுச் சொச்சம். குறைத்துக் கொடுக்கிற உத்தியோகம் இதனுடையது. சூடும் அங்கேதான். என் போர்டில் அதன் தலையில் ஒரு ஹீட்ஸிங்க்கூட இல்லை. (கலர் லைட் இருந்தது, ஜகஜ்ஜோதியாக!)

இப்போதெல்லாம் முதல் பார்வை அங்கேதான். அப்புறம் சாக்கெட். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் வந்தது 2016-ல். 2024-லும் அதற்குப் புது பிராஸஸர் விட்டார்கள். ஆனால் பழைய போர்டு புதுசை ஏற்குமா என்பது பயாஸ் அப்டேட்டைப் பொறுத்தது. கம்பெனி வெப்சைட்டில் அந்த மாடலுக்கு பிராஸஸர் பட்டியல் இருக்கும், பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறக்கவும். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கவும்.

போன மாதம் அதே கடை. அதே "எல்லாம் ஒண்ணுதான் சார்."

"அப்ப அந்த ஒசத்தி போர்டையே இந்த விலைக்குக் குடுங்களேன்?"

டீ வாங்கிக் கொடுத்தார்.