கண் கேட்கும் ஒலியும் செவி கேட்கும் ஒலியும்

ஸ்பீக்கர் என்று கடைத்தெருவில் வழங்கும் கருவிக்கு நாம் ஒலிபெருக்கி என்று தமிழ்ப்பெயர் வைத்திருக்கிறோம். பெயரைக் கேட்டால் அது ஒலியைப் பெருக்குவது போலத் தோன்றும். பெருக்கும் வேலையைச் செய்வது ஆம்பிளிபையர் எனும் மற்றொரு கருவியே. அது பெருக்கி அனுப்பும் மின்னோட்டத்தைக் காற்றதிர்வாக மாற்றிக் கொடுப்பதே ஒலிபெருக்கியின் தொழில். அம்மாற்றத்தை எவ்வளவு பிழையின்றிச் செய்கிறது என்பதே அதன் தரத்துக்கு முதல் அளவுகோல்.

இக்கருவிகளுள் மேசைமீது வைக்கப்படாமல் தரையிலேயே தூண்போல் நிற்கும் உயர்வகைகள் உண்டு. அவற்றின் விலை சில ஆயிரம் வெள்ளியில் தொடங்கிப் பல பத்தாயிரம் வெள்ளி வரை ஏறிச் செல்கிறது. பல மாதச் சம்பளத்தை இரண்டு பெட்டிகளுக்காகக் கொடுக்க முன்வரும் ஒருவர், அந்தப் பணத்தில் எவ்வளவு செவிக்குச் செல்கிறது, எவ்வளவு கண்ணுக்குச் செல்கிறது என்று கேட்க வேண்டாமா? ஒலி, தோற்றம், விலை ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பாமல் ஒப்பிடும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

ஒலி பிறக்கும் முறை

இன்றைய ஒலிபெருக்கிகளுள் மிகப் பெரும்பாலானவை, அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துப் பொறியியலாளர்களான செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகிய இருவர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் வழிவந்தவை. காந்தப் புலத்துக்குள் ஒரு கம்பிச்சுருள். அச்சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. இசைக்கேற்ப மாறும் மின்னோட்டம் சுருளில் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பும் உடன் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அமைப்பு இவ்வளவே.

ஆனால் மனிதச் செவி நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்க வல்லது. இவ்வளவு அகன்ற எல்லையை ஒரே கூம்பு செம்மையாக ஆள்வது அரிது. ஆகவே கீழ் ஒலிக்குப் பெரிய கூம்பும், நடுவொலிக்கு அதனினும் சிறியதும், உச்ச ஒலிக்கு ட்வீட்டர் எனப்படும் மிகச் சிறியதும் அமைக்கிறார்கள்.

கீழ் ஒலிக்கு ஏன் பெரிய கூம்பு வேண்டும்? அதிர்வெண் பாதியாகும்போது, அதே அளவு ஒலியழுத்தத்தைப் பெற நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். நொடிக்கு 80 அதிர்வுக்குப் போதுமான அசைவு, 40 அதிர்வுக்கு நான்கு மடங்காகவும், 20 அதிர்வுக்குப் பதினாறு மடங்காகவும் பெருக வேண்டும். தரையில் நிற்கும் பெட்டி உயரமாகவும் கனமாகவும் இருப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. நேர்மையாகக் கொடுக்கும் விலையின் பெரும்பங்கு இந்தக் கீழ் ஒலிக்கும், உரக்க ஒலிக்கும்போதும் சிதையாத தெளிவுக்கும் கொடுக்கும் விலையாகும்.

இரு நிறுவனங்கள், இரு வழிகள்

உயர்வகைக் கருவிகளை ஆக்கியோர் ஒரே சிக்கலுக்கு வெவ்வேறு விடை கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் தோன்றிய இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, 1966இல் வொர்திங் நகரில் தோன்றிய பி அண்ட் டபிள்யூ. அது 1979இல் வெளியிட்ட 801 என்னும் ஒலிபெருக்கியில், கீழ் ஒலிக்கு ஒரு பெரிய பெட்டியும் அதன் மேல் நடுவொலிக்கும் உச்ச ஒலிக்கும் தனித்தனிக் கூடுகளும் இருந்தன. பெரிய பெட்டியின் அதிர்வு மெல்லிய ஒலிகளைக் கெடுக்கலாகாது என்பது அதன் கருத்து. இலண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் அது பயன்படுத்தப்பட்டது.

மற்றொன்று, பிபிசியில் பொறியியலாளராக இருந்த ரேமண்ட் குக் 1961இல் மெய்ட்ஸ்டோனில் தொடங்கிய கெஃப். ஒலிகள் வெவ்வேறு இடங்களிலிருந்து புறப்பட்டால், கேட்பவர் நகரும்போது அவற்றின் சேர்க்கை மாறிவிடும் என்று அந்நிறுவனத்தார் கருதினர். எனவே 1988இல், நடுவொலிக் கூம்பின் மையத்திலேயே ட்வீட்டரைப் பதித்த அமைப்பை அறிமுகப்படுத்தினர். 2011இல் விற்பனைக்கு வந்த பிளேடு என்னும் கருவியில் அவ்வமைப்பு முன்புறமும், கீழ் ஒலிக்கான நான்கு கூம்புகள் இரு பக்கங்களிலும் உள்ளன. பக்கக் கூம்புகள் ஒன்றுக்கொன்று எதிராக அசைவதால் பெட்டியின் நடுக்கம் அடங்குகிறது. அப்போது அதன் விலை அமெரிக்காவில் ஓர் இணைக்கு 30,000 டாலர்.

பிரித்து வைப்பது ஒரு வழி. ஒரு புள்ளியில் சேர்ப்பது மற்றொரு வழி. இரண்டும் காரணத்தோடு கூடியவை. ஆகவே உருவத்தைப் பார்த்த அளவில் ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என்று தீர்ப்பளிக்க இயலாது.

அழகுக்கும் ஒரு பயன்

தோற்றம் வெறும் அலங்காரமே என்று சொல்லிவிடவும் கூடாது. அமெரிக்க ஆர்சிஏ நிறுவனத்தின் ஹாரி ஆல்சன் 1951இல் பல வடிவப் பெட்டிகளை ஒப்பிட்டு அளந்தார். கோள வடிவம் மிகச் சீரான ஒலியைத் தந்தது. கூரிய விளிம்புடைய கனசதுரம் ஏற்றத்தாழ்வுகளைத் தந்தது. விளிம்பில் மோதும் ஒலியலை புதிதாகச் சிதறி, நேராக வரும் அலையோடு கலப்பதே காரணம். இன்று வளைந்த பக்கங்களும் உருட்டிய மூலைகளும் விலையுயர்ந்த கருவிகளில் காணப்படுவதற்கு ஒலியியல் நியாயம் உண்டு.

ஆயினும் அரிய மரத்தோல், கண்ணாடிபோல் மின்னும் பலபூச்சு வண்ணம் ஆகியவற்றுக்கு இத்தகைய நியாயம் இல்லை. அவை வீட்டு அணிகலன்கள். அவற்றுக்காகப் பணம் கொடுப்பது குற்றமன்று. ஒலிக்காகக் கொடுத்தோம் என்று எண்ணிக்கொள்வதே மயக்கம்.

திரைக்குப் பின்னால்

இம்மயக்கம் எவ்வளவு வலியது என்பதை ஆராய்ந்து காட்டியவர்கள் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் இருவர். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பணியாற்றிய பின் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்துக்கு வந்த இவர்கள், 1994இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். அந்நிறுவன ஊழியர் 40 பேர் நான்கு ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் வைத்தும், கண்ணால் பார்த்தும் கேட்டு மதிப்பெண் இட்டனர். கண்ணால் பார்த்தபோது, பெரியனவும் விலையுயர்ந்தனவுமான தங்கள் நிறுவனக் கருவிகளின் மதிப்பெண் உயர்ந்தது. சிறியதும் மலிவானதுமான கருவியின் மதிப்பெண் இறங்கியது. பெட்டிகளை அறையில் இடம் மாற்றி வைத்ததால் உண்டான ஒலி வேறுபாட்டைத் திரையிருந்தபோது கண்டுகொண்ட அதே செவிகள், திரை விலகியதும் அதைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. கண் முன்னே வந்தவுடன் செவி தன் வேலையைக் கைவிட்டது!

ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. தேர்வுத்தாளில் பெயரை விலக்கி எண்ணை மட்டும் எழுதச் செய்கிறோமே, அது எதற்காக? நல்ல மாணவன் என்ற பெயர் திருத்துபவரின் கையைத் தன்னையறியாமல் தளரச் செய்யும் என்பதற்காகத்தானே?

நல்ல ஒலி என்பது ஆளுக்கு ஆள் மாறும் சுவை என்று சிலர் கூறுவர். 2003இல் ஆலிவ் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்றோரும் பெறாதோருமாக 268 பேர் நான்கு ஒலிபெருக்கிகளை மறைவில் கேட்டனர். இரு சாராரின் தரவரிசையும் பொதுவில் ஒத்திருந்தது. நேரே வரும் ஒலி ஏற்றத்தாழ்வின்றியும், பக்கங்களில் பரவும் ஒலி சீராகக் குறைந்தும் அமைந்த கருவிகளையே கேட்போர் விரும்புவதாக இவர்கள் ஆய்வுகள் காட்டின. இதனை அளந்து வரைபடமாகத் தர இன்று பொதுவான முறையும் உண்டு. அவ்வரைபடத்தைக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

அறையின் பங்கு

எவ்வளவு விலை கொடுத்தாலும் கடையில் கிடைக்காத ஒன்று உண்டு. அதுவே நம் அறை. நான்கு மீட்டர் நீளமுள்ள கூடத்தில், சுவர்களுக்கிடையே நொடிக்கு ஏறத்தாழ 43 அதிர்வில் ஒலி நிலைகொண்டு வீங்கும். பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த நரம்பின் அதிர்வெண் ஏறத்தாழ 41. எனவே அந்நரம்பின் ஒலி அறையின் ஓரிடத்தில் முழங்கும்; வேறோரிடத்தில் மெலியும். சிறிய கூடத்தில் பெரும் பெட்டிகளைச் சுவரோரம் நெருக்கி வைத்தால், விலை கொடுத்து வாங்கிய கீழ் ஒலியே இரைச்சலாகிவிடும். பெட்டியைச் சுவரிலிருந்து சிறிது நகர்த்திப் பார்ப்பதற்குச் செலவில்லை.

ஒப்பிடும் முறை

வாங்க விரும்புவோர் ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்துகொள்ளட்டும். முதற்பத்தி ஒலி. நன்கு பழகிய ஒரு பாடலை, மெல்லிய திரைக்குப் பின்னால் ஒவ்வொரு பெட்டியாகக் கேட்க வேண்டும். உரப்பு சமமாக இருப்பது இன்றியமையாதது. சற்றே உரத்து ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றும். இரண்டாம் பத்தி தோற்றம். திரையை விலக்கி, இப்பெட்டி பல்லாண்டுகள் நம் கூடத்தில் நிற்கத் தக்கதா என்று குடும்பத்தார் அனைவரும் சொல்லட்டும். மூன்றாம் பத்தி விலை. அதில் ஆம்பிளிபையரையும் சேர்க்க வேண்டும். ஒரே அளவு மின்திறனில் 90 டெசிபல் தரும் கருவிக்கு 50 வாட் போதுமானால், 87 டெசிபல் தருவதற்கு 100 வாட் வேண்டும்.

ஒரு பத்தி நிறைவுபெறும் வரை அடுத்ததைத் தொடலாகாது. இவ்வாறு செய்தபின் விலை மிகுந்ததையே ஒருவர் தேர்ந்தெடுக்கக்கூடும், தவறில்லை. தாம் எதற்குப் பணம் கொடுத்தோம் என்பதை அவர் அறிந்திருப்பார். மலிவானதைத் தேர்ந்தெடுத்தவரும் தாம் எதையோ இழந்துவிட்டதாக ஏங்க வேண்டியதில்லை. அழகைக் கண் அளக்கட்டும். ஒலியைச் செவி அளக்கட்டும். இரண்டையும் கூட்டிப் பார்த்து விலையை அறிவு அளக்கட்டும்.